தலையசைவு: ஆசிரியர் தவறு

"சார், ட்ரெயினிங்ல உங்க பேரைப் போட்டுக் காட்டினாங்க" என்று கவிதா போனில் சொன்னபோது, ஏதோ நல்லாசிரியர் பட்டியல் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அறுபத்திரண்டு வயதிலும் இந்தச் சபலம் போகவில்லை.

கவிதா என் பழைய சகா. தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் ஹெப்பகோடிக்குப் போய், வியட்நாமில் இருக்கும் குழந்தைகளுக்குக் கணினித் திரை வழியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள். நான் ஓய்வு பெறும்வரை என் வேலையும் அதுதான். என் இருக்கைக்கு மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்திருப்பாள்.

அவள் சொன்னது இது. புதிய ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஒரு ஸ்லைடு வருகிறது. தலைப்பு: 'தலையசைவு: ஆசிரியர் தவறு.' கீழே நான் கைப்பட எழுதிய ஒரு வாக்கியம், கையெழுத்து, பெயர். அதற்கும் கீழே புது விதி. வகுப்பு நடக்கும்போது ஆசிரியரின் தலை அசையக்கூடாது. அசைந்தால் கேமராவோடு இணைத்த மென்பொருள் எண்ணிவிடும். எண்ணிக்கை ஏற ஏற மதிப்பெண் இறங்கும். கவிதாவுக்கு அந்த வாரம் நன்றாகவே இறங்கியிருந்தது.

"நீங்கதான் கண்டுபிடிச்சு எழுதிக் குடுத்தீங்களாம். புதுசா வந்த பசங்கல்லாம் உங்களத் திட்டுறாங்க சார். யாருன்னே தெரியாது, ஆனா திட்டுறாங்க."

கையெழுத்து என்னுடையதுதான். மறுக்கவில்லை. ஆனால் நான் எழுதியது மூன்று வாக்கியங்கள். ஸ்லைடில் இருப்பது முதலாவது மட்டும். மற்ற இரண்டும் எங்கே போயின என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தார், பூர்வீகம் வடாற்காடு. நான் பெங்களூரில் ஆங்கில எம்.ஏ. படித்து, பிரேசர் டவுனில் ஒரு பள்ளியில் இருபத்தேழு வருடம் ஆசிரியராக இருந்தேன். பள்ளி நிர்வாகம் மாறியது. புது நிர்வாகத்துக்கு என் முகம் பிடிக்கவில்லை. எனக்கும் அதன் முகம் அப்படியே. ஐம்பத்தோரு வயதில் ஹெப்பகோடி நிறுவனத்தில் சேர்ந்தேன். பதினைந்து நாள் பயிற்சி. அதில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி அரை நாள். மீதி பதினாலரை நாள், நாங்கள் பெங்களூரில் இருக்கிறோம் என்பதை மறைப்பது எப்படி என்பது பற்றி.

கையேடு நாற்பத்தொரு பக்கம். முழுக்கப் படித்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான் என்று இன்றும் நம்புகிறேன். பின்னால் வெளிர்நீலத் திரை. மேலே மின்விசிறி தெரியக்கூடாது. நெற்றியில் எதுவும் கூடாது. கழுத்தில் சிலுவையும் கூடாது. எங்கே இருக்கிறீர்கள் என்று குழந்தை கேட்டால், 'மேகத்துக்கு மேலே!' என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். தேவசகாயம் என்ற பெயரை 'டேவ்' ஆக்கினார்கள். மேகத்துக்கு மேலே இருக்கிற டேவ், மதியம் ஒன்றரை மணி ஷிப்ட்டுக்காகப் பதினொன்றரைக்கே வேனில் ஏறி, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் தயிர்சாத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்தக் கதைக்கு முக்கியமான விதி ஒன்று உண்டு. பதினேழாம் பக்கம், நான்காவது பத்தி. எங்கள் மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு குரலைத்தான் கடத்தும். குழந்தை பேசும்போது நீங்கள் 'ம்' என்றால் போதும், குழந்தையின் குரல் அறுந்துவிடும். ஆகவே குழந்தை பேசி முடிக்கும்வரை ஆசிரியர் வாய் திறக்கக்கூடாது. 'ஊக்கத்தை முகபாவத்தாலும் உடல்மொழியாலும் மட்டுமே தெரிவிக்கவும்.' இதை எழுதியவர் பெங்களூர்க்காரராக இருக்க முடியாது. வாயைக் கட்டிவிட்டு முகத்தால் ஊக்கப்படுத்து என்று ஒரு தமிழனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான்? தலையை ஆட்டுவான். கன்னடக்காரரும் அதையேதான் செய்வார்.

நம் தலையாட்டலை நாம் கவனிப்பதில்லை. மேலும் கீழும் அல்ல. ஒரு காது ஒரு தோளை நோக்கிச் சாய்ந்து, அடுத்த காது அடுத்த தோளை நோக்கிச் சாய்ந்து, மெல்ல ஆடும். 'சரி, சொல்லு, கேட்கிறேன், நல்லாத்தான் இருக்கு' எல்லாம் அதில் அடக்கம். அறுபது பேர் வரிசையாகத் தடுப்புகளுக்குள் உட்கார்ந்து, நீலத் திரைக்கு முன்னால், வாயை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருப்போம். பின்னாலிருந்து பார்த்தால் சர்ச்சில் பாட்டுக்கு அசைவதுபோல இருக்கும்.

எங்கள் தர மேலாளர் ராகவேந்திரா. எல்லோரும் அவரை ராகு என்றுதான் கூப்பிட வேண்டும். நிறுவனத்தின் திறந்த கலாசாரம் அது. வயது முப்பத்து நான்கு. கண்ணாடி அறை. மேசையில் வெந்நீர் ப்ளாஸ்க். யார் உள்ளே போனாலும் முதலில் பாராட்டுவார். அந்தப் பாராட்டு எவ்வளவு நீளமோ, பின்னால் வரும் அடி அவ்வளவு பலம். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. 'முடியாது' என்ற சொல் அவர் வாயில் வந்ததும் இல்லை. "நோட் பண்ணிக்கறேன் சார்" என்பார்; பேனாவை எடுக்க மாட்டார். தமிழ் நன்றாகவே பேசுவார், நடுவில் கன்னடம் கலந்து. எந்தப் பிரச்சினைக்கும் அவருடைய இறுதித் தீர்ப்பு 'பரவாகில்லா பிடி'. பரவாயில்லை, விடுங்கள். இந்த இரண்டு சொல்லில் எத்தனை பேரின் வருடாந்திரச் சம்பள உயர்வுகள் கரைந்துபோயின என்பதற்கு நான் சாட்சி.

ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தபோது லின் என் பட்டியலுக்கு வந்தாள். எட்டு வயது. டா நாங் நகரம். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. கோப்பில் எனக்கு முன்னால் மூன்று ஆசிரியர்கள், மூவரும் எழுதிய குறிப்பு ஒன்றே: 'குறைவாகப் பேசுகிறாள்.' மூத்த ஆசிரியர் என்பதால் கடினமான குழந்தைகளை என்னிடம் தள்ளுவார்கள். நானும் அதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

லின் படத்தைப் பார்ப்பாள். பதில் தெரியும் என்பது கண்ணில் தெரியும். ஒரு பெண் பட்டம் விடும் படம். "தி கேர்ள் இஸ் ஃப்ளையிங்..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்துவாள். "...ஸ்லீப்பிங்?" என்பாள். நான் ஊக்கம் தருவேன். அவள் முகம் இன்னும் சுருங்கும். "...ஈட்டிங்?" பிறகு மௌனம். சரியான பதிலைச் சொல்லிவிட்டுத் தவறான பதிலைத் தேடிப் போகிற குழந்தையை இருபத்தேழு வருடப் பள்ளிக்கூடத்தில் நான் பார்த்ததில்லை. ஒரு நாள் என் கேமரா பழுதானது. கையேட்டின்படி முயல் படம் ஒன்றைத் திரையில் போட்டுவிட்டுக் குரலால் மட்டும் வகுப்பு எடுத்தேன். அன்று லின் பதினான்கு வாக்கியங்கள் பேசினாள். முழு வாக்கியங்கள். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'வீட்டில் யாரோ பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுப்பதாகச் சந்தேகம்.'

பன்னிரண்டாவது வகுப்பு முடிந்ததும் மதிப்பீடு. கணினியில் நான்கு தேர்வுகள் இருக்கும், ஒன்றைச் சொடுக்க வேண்டும். 'தெரியவில்லை' என்ற தேர்வு கிடையாது. ஆசிரியருக்குத் தெரியாதது எதுவும் இருக்க முடியாது என்பது நிறுவனத்தின் கொள்கை. நான் நான்காவதைச் சொடுக்கினேன். 'புரிதலில் தாமதம். சிறப்புப் பரிசோதனை தேவை.' சொடுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அந்த ஒரு வரி அங்கே என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். எங்களுக்குக் குழந்தைகளை அனுப்புவது அந்த ஊரில் ஒரு மொழி மையம். மையத்தின் சிபாரிசு இருந்தால்தான் லின்னை அவள் அம்மா விரும்பிய இருமொழிப் பள்ளியில் சேர்க்க முடியும். நான்காவது தேர்வு விழுந்த கோப்புக்குச் சிபாரிசு கிடையாது.

மூன்றாம் நாள் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது, இயந்திர மொழிபெயர்ப்பில். என் மகள் வீட்டில் நிறையப் பேசுகிறாள், உங்கள் எதிரில் மட்டும் ஏன் பேசுவதில்லை, அவள் இரண்டு நாளாகத் தன்னை முட்டாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று.

பெற்றோர் புகார் வந்தால் ஆசிரியர் தன் வகுப்புப் பதிவுகள் மூன்றைத் தானே பார்த்து, ஏழு வேலை நாட்களுக்குள் பதில் எழுத வேண்டும். இதற்கென்று தயார் பதில்கள் ஆறு இருந்தன. நான்காம் எண் பதில் இந்த மாதிரி அம்மாக்களுக்காகவே எழுதப்பட்டது. அதை ஒட்டிவிடுவது என்று முடிவு செய்துதான் பதிவு பார்க்கும் அறைக்குப் போனேன். அங்கே ஹெட்போன் இல்லை; யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். விதிப்படி மூன்று பதிவும் ஓடியாக வேண்டும். சத்தமில்லாமல் ஓடவிட்டேன்.

சத்தம் இல்லாததால் வேறு பார்க்க எதுவுமில்லை. ஒரு பக்கம் அவள் முகம், இன்னொரு பக்கம் என் முகம். அவள் வாய் திறக்கிறது. என் தலை ஆடுகிறது. அவள் நிறுத்துகிறாள். மறுபடி திறக்கிறது. ஆடுகிறது. நிறுத்துகிறாள். உலகத்தின் பாதிக்கு இடமும் வலமும் போகிற தலை 'இல்லை' என்று சொல்கிற தலை. பன்னிரண்டு வகுப்புகளாக ஒரு குழந்தை சரியான பதிலைச் சொல்லச் சொல்ல, நான் வாயை மூடிக்கொண்டு 'இல்லை, இல்லை, இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு முன்னால் மூன்று பேர். மூவரும் நம் ஊர்க்காரர்கள். மூவருக்கும் தலை உண்டு.

முயல் படம் போட்ட அந்த ஒரு நாள்தான் அவளிடம் யாரும் 'இல்லை' சொல்லவில்லை.

நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. தலையைக் கட்டுப்படுத்திப் பேசிப் பார்த்தேன், வீட்டில், கண்ணாடி முன்னால். இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. என் மனைவி மேரிக்குக் கழுத்து எலும்புத் தேய்வு. டாக்டர் கொடுத்த கழுத்துப்பட்டை அலமாரியில் இருந்தது. அதைக் கேட்டேன். எதற்கு என்று சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஆடாம நிக்குற தலையா அது? முப்பது வருஷமா நான் சொன்னதுக்கெல்லாம் ஆடும். வேலை மட்டும் நடக்காது. எனக்கே அது ஆமாவா இல்லையான்னு தெரியல, அந்தப் புள்ளைக்கு எப்படிங்க தெரியும்?"

கழுத்துப்பட்டையோடு பதின்மூன்றாவது வகுப்பு எடுத்தேன். பட்டை தாடையைத் தாங்கிப் பிடிக்க, மரப்பாச்சி மாதிரி. லின் முதலில் பயந்துபோய்ப் பார்த்தாள். பிறகு படம் வந்தது. சந்தையில் மீன் விற்கும் ஒரு பெண். லின் பேச ஆரம்பித்தாள். நிறுத்தவில்லை. மீன் பெரியது, அந்தப் பெண்ணின் தொப்பி பழையது, பூனை ஒன்று பின்னால் காத்திருக்கிறது, தன் அத்தையும் மீன் விற்கிறாள் என்று படத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். அவ்வளவையும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பின் பதிவைப் பார்த்த தணிக்கையில் எனக்கு மதிப்பெண் குறைத்தார்கள். காரணம்: 'மருத்துவ உபகரணம் கேமராவில் தெரிகிறது.'

மறுநாள், லின்னின் மதிப்பீட்டை மாற்றக் கேட்டு ராகவேந்திராவின் அறைக்குப் போனேன். முதலில் என் சின்சியாரிட்டி பற்றி நீண்ட நேரம் பேசினார். அடி பலமாக இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

மதிப்பீட்டை மாற்ற முடியாது. அனுப்பியது அனுப்பியதுதான். ரத்து செய்யலாம், அதற்குப் படிவம் ஒன்று உண்டு. காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள்: 'தொழில்நுட்பக் கோளாறு', 'ஆசிரியர் தவறு'.

"நெட்வொர்க் ப்ராப்ளம்னு போட்டுடுங்க சார். சும்னே எதுக்கு?"

"அதப் போட்டா மதிப்பீடு ரத்தாகாது ராகு. தள்ளிவைப்புதான். அந்த வரி அவ ஃபைல்லயே நிக்கும். இருபத்தாறாம் பக்கம் பாருங்க."

"அத யாரு சார் படிக்கப் போறாங்க?"

"அவங்கம்மா படிச்சிட்டாங்க. அந்தப் பொண்ணும் படிச்சிடுச்சு."

அவர் வெந்நீர் ஊற்றிக்கொண்டார். 'ஆசிரியர் தவறு' என்று போட்டால் என் மூத்த ஆசிரியர் நிலை போகும், பிரிவு உபசாரம் இருக்காது, சான்றிதழில் அது ஏறும், அந்தக் குழந்தையையும் வேறு ஆசிரியருக்கு மாற்றிவிடுவார்கள் என்று வரிசையாகச் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகவே சொன்னார். எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். பக்க எண்ணோடு தெரியும்.

படிவத்தில் 'ஆசிரியர் தவறு' கட்டத்தில் குறியிட்டு, கீழே மூன்று வாக்கியங்கள் எழுதினேன். ஒன்று: 'என் தலையசைவை மாணவி மறுப்பாகப் புரிந்துகொண்டாள், தவறு என்னுடையது.' இரண்டு: 'குழந்தை பேசும்போது ஆசிரியர் வாய் திறக்கக்கூடாது என்ற பதினேழாம் பக்க விதியே இதற்குக் காரணம், குரலால் ஊக்கப்படுத்த வழி செய்யவும்.' மூன்று: 'மாணவியிடம் எந்தக் குறையும் இல்லை என்று அவள் தாய்க்குக் கடிதம் அனுப்பவும்.'

ராகவேந்திரா மூன்று முறை படித்தார். "மொதல் லைன் போதுமே சார். மத்தது ரெண்டும் எதுக்கு? கம்பெனி மேல வருது பாருங்க."

"கம்பெனி மேலதான் வரணும்."

"நோட் பண்ணிக்கறேன்" என்றார். அவர் தலை இடமும் வலமும் ஆடியது. ஆமென்றா, இல்லையென்றா? வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கும் தெரியவில்லை.

மதிப்பீடு ரத்தானது. என் திரையில் லின்னின் பெயருக்கு எதிரே 'செல்லாது' என்று சிவப்பில் வந்ததை நானே பார்த்தேன். அந்த அளவுக்கு விதிமுறை வேலை செய்தது. கடிதம் போகவில்லை. இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை பதில் 'பரவாகில்லா பிடி சார்' என்று வந்தது.

ஆசிரியரை மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு வகுப்பு மிச்சம் இருந்தது. கழுத்துப்பட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். பாடத்தை இருபது நிமிடத்தில் முடித்தேன். பிறகு லின்னிடம் அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு இளம்பெண் வந்து நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். அதனால் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசினேன். உங்கள் மகள் நன்றாகப் பேசுகிறாள். தவறு அவளுடையது இல்லை, என்னுடையது. என் பெயர் டேவ் இல்லை, தேவசகாயம். நான் மேகத்துக்கு மேலே இல்லை, பெங்களூரில் இருக்கிறேன். இங்கே இது 'ஆமாம்'.

சொல்லிவிட்டுத் தலையை ஆட்டிக் காட்டினேன்.

லின் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மனதுக்குள் ஒவ்வொரு வகுப்பாகத் திரும்பிப் போய்ப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. "ஃப்ளையிங்?" என்று கேட்டாள்.

ஆட்டினேன்.

"நாட் ஸ்லீப்பிங்?"

மேலும் ஆட்டினேன். அவள் சிரித்தாள், பல் விழுந்த இடம் தெரிந்தது. அம்மாவிடம் வேகமாக என்னவோ சொன்னாள். அம்மா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு லின் தன் தலையை ஆட்டிப் பார்த்தாள். முதலில் வரவில்லை, கழுத்து விறைப்பாக இருந்தது. மூன்றாவது முறை சரியாக வந்தது. நேரம் முடிந்து திரை தானாக அணைகிற வரை அவள் ஆட்டிக்கொண்டிருந்தாள், நான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இருக்கும் இடத்தை வெளியிட்டதற்கு எனக்கு மெமோ வந்தது. மிச்ச நாட்களை முயல் படங்களை அகர வரிசையில் அடுக்கும் பிரிவில் கழித்தேன். பிரிவு உபசாரம் இல்லை, கம்பெனிக்கு ஒரு சால்வை மிச்சம்.

இப்போது தலைகளை எண்ண மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். குழந்தை பேசும்போது ஆசிரியரும் ஒரு 'ம்' சொல்ல அனுமதிக்கிற மென்பொருளை வாங்கியிருக்கலாம். பதினேழாம் பக்கம் நான்காவது பத்தி அப்படியே இருக்கிறதாம். கவிதாவைப் பார்க்கச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். வாயும் திறக்கக்கூடாது, தலையும் அசையக்கூடாது. இதற்கு என் கையெழுத்தை முட்டாகக் கொடுத்திருக்கிறார்கள்.

கவிதா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நான் என்ன சார் பண்ணட்டும்? ஆட்டாம இருக்க முடியலையே."

முதல் வகுப்பிலேயே குழந்தையிடம் சொல்லிவிடச் சொன்னேன். இது ஆமாம் என்று. ஒரு நிமிடம்கூட ஆகாது. மெமோ வரும், பதில் எப்படி எழுதுவது என்று பக்க எண்ணோடு சொல்லித்தருகிறேன்.

ஸ்லைடு தயாரிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் கோப்பைத் திறந்தவர்கள் முழுக்கத் திறந்திருக்கலாம். படிவத்துக்கு அடுத்த தாளில், லின்னோடு நான் எடுத்த கடைசி வகுப்பின் தணிக்கைக் குறிப்பு இருக்கிறது. பெயர் தெரியாத ஏதோ ஒரு தணிக்கையாளர் கடமை தவறாமல் எழுதியது. 'குறை: வகுப்பின் முடிவில் மாணவியும் ஆசிரியரைப் போலவே தலையாட்டுகிறாள்.'

அதைப் போடுங்கள் ஸ்லைடில். என் பெயரையும் பக்கத்திலேயே போடுங்கள்.